ஏழாம் கம்பத்தில் சொன்ன ‘ஓம்’

பனிச்சறுக்கு மலைகளில் ஆட்களை மேலே ஏற்றும் லிஃப்றுகளைப் பரிசோதிப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. அதன் நடைமுறைக் கையேட்டில், வோக்கி என்ற கையடக்க வானொலியில் பேசுவது பற்றிய பிரிவில் ஒரு விதி இருக்கிறது. ‘ஓன்’, ‘ஓஃப்’ என்ற இரண்டு சொற்களையும் எவரும் எக்காரணம் கொண்டும் பாவிக்கக் கூடாது. ஓட்டு என்பதற்கு ‘ரன்’, நிறுத்து என்பதற்கு ‘ஸ்ரொப்’ என்று மட்டும் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஏன் என்று கையேடு சொல்லாது. கையேடுகள் காரணம் சொல்லத் தொடங்கினால் வாசிப்பவர்கள் விவாதிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

போன மாதம் மிசிசாகாவில் ஓய்வுபெற்றவர்களை அழைத்து ஒரு மதிய விருந்து தந்தார்கள். இளையவர்கள் அந்த விதியைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். காற்று இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும் என்றான் ஒருவன். பிரெஞ்சு பேசுகிறவர்களுக்காக என்றான் இன்னொருவன். விட்பியிலிருந்து வேலைக்கு வரும் ஷர்மி என்ற தமிழ்ப் பிள்ளை என் பக்கம் திரும்பினாள்.

“அங்கிள், அந்த ரைம் நீங்கள்தானே இருந்தனீங்கள்? வட்’ஸ் த ரீசன்?”

“நான்தான் ரீசன்” என்றேன்.

அவர்கள் சிரித்தார்கள். கிழவன் பகிடி விடுகிறான் என்று நினைத்திருப்பார்கள். எழுதித் தாருங்கள் என்று ஷர்மி கேட்டாள், தமிழில் எழுதினால் அம்மாதான் வாசித்துச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள். ஆகவே ஷர்மியின் அம்மாவுக்காக இதை எழுதுகிறேன்.

மலை என்ற பொருளே இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் நான். இலங்கையில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, ரொறன்ரோவுக்கு வந்து, காருக்குப் பம்பர் செய்யும் தொழிற்சாலையில் நான்கு வருடம் பம்பரைத் தூக்கிக் கொடுத்தேன். பிறகு மாடிக் கட்டடங்களின் லிஃப்ற் திருத்துபவருக்கு உதவியாள். பிறகு பரீட்சைகள். பிறகு இன்ஸ்பெக்ரர். குளிருக்குப் பயந்து எவரும் கேட்காத பிரிவு இதுதான் என்பதால் பனிமலை லிஃப்றுகள் எனக்கு வந்தன. அந்தச் செய்தியை வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டது ஒன்றே ஒன்று: “வழுக்கி விழுறதுக்கு மேல ஏறிப் போகினம். அதுக்கும் ஒரு இன்ஸ்பெக்ரரோ?” இருபத்தாறு வருடத்தில் இந்தத் தொழிலை இதைவிடச் சரியாக எவரும் விளக்கவில்லை. நான் ஒருநாளும் சறுக்கியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என் மேலதிகாரி கோர்டன் உயரமான, மெல்லிய மனிதர். குரலை உயர்த்தியதே கிடையாது. ஓடும் லிஃப்றின் அருகில் கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் நிற்பார். பார்க்கிறவர்கள் செபம் பண்ணுகிறார் என்று நினைப்பார்கள். பிறகு கண்ணைத் திறந்து, “பன்னிரண்டாம் கம்பம், கீழிருந்து மூன்றாவது சில்லு” என்பார். போய்ப் பார்த்தால், கயிற்றைத் தாங்கும் அந்தச் சில்லுக்குள் பெயரிங் குண்டுகள் தேய்ந்திருக்கும். எங்கள் அறிக்கைகளை மேசையில் வைத்து, வரிக்குக் கீழே ஓர் இரும்பு அடிமட்டத்தை வைத்து, வரி வரியாக இறக்கி வாசிப்பார். அடிமட்டம் ஓர் இடத்தில் நின்றால் எங்களுக்கு வியர்க்கும். அவர் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். “இது நீர் கண்டதா, நினைத்ததா?”

கண்டது என்றால் அடிமட்டம் இறங்கும். நினைத்தது என்றால் பேனையை எடுத்து அந்த வரியை வெட்டுவார். என் முதல் அறிக்கையில் அவர் வெட்டாமல் விட்டது திகதியையும் என் பெயரையும் மட்டும்தான். பெயரில் எழுத்துகள் கூடவோ என்று அதிலும் கொஞ்ச நேரம் அடிமட்டம் நின்றது.

இது நடந்த ஊரின் பெயரை எழுதவில்லை. அங்குள்ள மலையை இப்போது வைத்திருக்கும் கொம்பனிக்குப் பனியைவிட வழக்கறிஞர்கள் அதிகம். ரொறன்ரோவிலிருந்து வடக்கே இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டம். மலை என்றார்கள். நுவரெலியா மலைகளைப் பார்த்தவன் அதை மண்திட்டி என்றுதான் சொல்வான். நான் முதலில் போனபோது அடிவாரத்தில் அப்பிள் தோட்டங்கள், பால்மாடுகள், மாட்டுத் தீவன ஆலை ஒன்று, ஆணி தொடக்கம் குழந்தைச் சப்பாத்து வரை விற்கும் இரும்புக்கடை ஒன்று. மலையில் இரண்டு பேர் இருக்கும் நாற்காலிகள் தொங்கும் ஒரே ஒரு லிஃப்ற். ஊராரே சங்கம் வைத்து நடத்தினார்கள். ரிக்கற் விற்பவர் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். லிஃப்றைப் பராமரிப்பவன் ஏர்ல்.

ஏர்ல் என் வயதுக்காரன், பீப்பாய் உடம்பு. அந்த மலையின் பாதி ஒரு காலத்தில் அவனுடைய தகப்பனின் மேய்ச்சல் நிலம். காற்று எவ்வளவு என்று பார்க்க அவனிடம் கருவி இருந்தது. ஆனால் தொப்பியைக் கழற்றி இடது காதைக் காட்டித்தான் முடிவெடுப்பான். காது சரியில்லை என்றால் லிஃப்ற் நிற்கும். கருவியையும் காதையும் பதினொரு வருடம் ஒப்பிட்டுப் பார்த்தேன். காதில் பிழை காணவில்லை.

பிறகு சங்கத்திடமிருந்து கொம்பனி மலையை வாங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஒக்ரோபரிலும் நான் பரிசோதனைக்குப் போகும்போது ஊரில் ஏதோ ஒன்று வேறொன்றாகியிருக்கும். தீவன ஆலை நான்கு மாடி அடுக்ககமானது. இரும்புக்கடை உருக்கிய சீஸில் பாண் துண்டுகளைத் தோய்த்துச் சாப்பிடும் உணவகமானது. மாட்டுக் களஞ்சியங்களை இடித்து, அந்தப் பழைய பலகைகளைப் புதிய ஹோட்டலின் வரவேற்பறைச் சுவரில் ஒட்டி, கீழே விளக்குப் போட்டார்கள். முப்பது வருடம் மாடு உரசிய பலகையைப் பார்த்து மனிதர்கள் படம் எடுத்தார்கள். வீட்டுக் கதவுகளில் எண்களை அழுத்தித் திறக்கும் சிறிய சாவிப் பெட்டிகள் தொங்கின. வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார்கள். ஊரில் வேலை செய்கிறவர்களுக்கு ஊரில் குடியிருக்கக் கட்டுப்படியாகவில்லை. ஏர்லும் வீட்டை விற்றுவிட்டு, ஐம்பது நிமிடம் தள்ளி, வாடகை வீட்டுக்குப் போனான். வேலைக்கு மட்டும் தன் ஊருக்குக் காரில் வருவான்.

இன்னும் தூரத்திலிருந்து வருகிறவர்களும் இருந்தார்கள். கொம்பனியின் வான் ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் விடியக்காலையில் ஆட்களை ஏற்றும். அதில் வருகிறவன்தான் றெஜி. மன்னார் ஆள், நாற்பது வயது. இலையுதிர் காலத்தில் நாற்காலிகளைக் கழற்றிப் பூட்டுவான், குளிர்காலத்தில் லிஃப்றின் அடியில் நின்று ஆட்களை ஏற்றிவிடுவான். என்னை முதலில் கண்ட அன்றே, “அண்ணை, எங்கட ஆக்களும் உதுக்குள்ள வந்திட்டினமோ?” என்று கேட்டான். அவனும் நானும் ஏர்லின் மோட்டர் அறையில் ஒன்றாகத் தேநீர் குடிப்போம்.

இனிப் பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பத்தில் ஏறுகிறவன் ஏறுவதற்கு முன்னர் மோட்டர் அறைக்குப் போய், மெயின் சுவிச்சை அணைத்து, அதில் தன் சொந்த ஆமைப்பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பைக்குள் வைக்க வேண்டும். மூன்று பேர் ஏறினால் மூன்று பூட்டு. மூன்றாமவன் இறங்கி வந்து தன் பூட்டைத் திறக்கும்வரை அந்த லிஃப்றைக் கடவுளாலும் ஓட்ட முடியாது. இதைச் செய்யாதவர்களுக்கு நான் எழுதிய தடை உத்தரவுகள் ஒரு கோப்பு நிறைய இருந்தன. சிலவற்றில் என் ஆங்கிலம் தேவைக்கு மேல் நன்றாக இருந்தது.

அந்த ஒக்ரோபர் முடிவில், கொம்பனியின் ஐந்தாம் வருடம், ஆறு கம்பம் முடித்துவிட்டேன். ஒவ்வொரு கம்பத்தின் தலையிலும் றப்பர் பதித்த எட்டுச் சில்லுகள். அவற்றின் மேல்தான் இரும்புக் கயிறு ஓடும். கயிற்றில் ஒரு துண்டை நான் பார்க்க விரும்பியதால், ஆறாவதிலிருந்து இறங்கிப் போய், பூட்டைத் திறந்து, கயிற்றைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னேன். ஏர்ல் நகர்த்தினான், நிறுத்தினான். நான் மறுபடி சரிவில் ஏறி ஏழாம் கம்பத்துக்குப் போனேன். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் பூட்டு என் சட்டைப்பைக்குள் இருப்பது தெரிந்தது. திரும்பிப் போய் வர இருபது நிமிடம். எனக்கு ஐம்பத்தாறு வயது, வலது முழங்காலில் நோவு, விரல்கள் விறைத்திருந்தன. கீழே ஏர்ல்தானே என்று நினைத்தேன்.

ஏறினேன்.

சில்லுகளின் றப்பரில் இருந்த வெடிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். எவ்வளவு காலம் ஆங்கிலத்தில் உத்தரவு எழுதினாலும் எண்ணுவது தமிழில்தான். ஐந்து, ஆறு. அப்போது வோக்கியில் ஏர்லின் குரல் வந்தது. ஓஃப்பிலேயே விடவா, ஓன் பண்ணவா என்று கேட்டான். எண்ணிக்கை தவறிவிடக் கூடாது என்ற அவசரத்தில் பொத்தானை அழுத்தி, “ஓம் ஓம், கொஞ்சம் பொறு” என்றேன். ‘ஓம்’ என்பது எங்கள் ஊர் ‘ஆம்’. கையுறை தடிப்பானது, பெருவிரல் வழுக்கியது. முதல் ‘ஓம்’ மட்டும்தான் ஏர்லுக்குப் போய்ச் சேர்ந்தது.

கயிறு ஓடத் தொடங்கியது.

வலக்கைக் கையுறையைக் கயிறும் முதற் சில்லும் சேர்ந்து கவ்வின. கையை இழுத்தேன். கை வந்தது. கையுறை வரவில்லை, நடுவிரலின் நகமும் வரவில்லை. கையுறை எட்டுச் சில்லுக்குள்ளாலும் போய், அப்பளம் போலத் தட்டையாகி, மலையுச்சியை நோக்கிப் பயணமானது. நான் வோக்கியில் “நிப்பாட்டு, நிப்பாட்டு” என்று கத்தினேன். அதுவும் தமிழில். கீழே நாற்காலிகளுக்கு இலக்கத்தகடு பூட்டிக்கொண்டிருந்த றெஜியின் இடுப்பிலும் ஒரு வோக்கி இருந்தது. அந்த மலையில் அந்தச் சொல் விளங்கிய ஒரே மனிதன் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானைக் குத்தினான். இல்லாவிட்டால் கையுறை போன வழியில் நானும் போயிருப்பேன், இதை எழுத ஆள் இருந்திருக்காது.

ஒரு மணித்தியாலத்துக்குள் கொம்பனியின் மனேஜர் வந்துவிட்டார். வேறு மாகாணத்திலிருந்து வந்த, மடிப்புக் கலையாத ஜக்கெற் போட்ட மனிதர். எனக்குக் கோப்பி கொண்டுவந்து தந்தார். கையில் கொம்பனியின் சம்பவப் படிவம். ‘காரணமானவர்’ என்ற பெட்டியில் ஏர்லின் பெயரைப் பெரிய எழுத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தார். ஏர்லின் காது அவருக்கு நெடுநாள் பிரச்சினை. சனிக்கிழமை உச்ச நேரத்தில் காற்று என்று சொல்லி லிஃப்றை நிறுத்துகிறவனை எந்த மனேஜருக்குப் பிடிக்கும்? பூட்டு இருக்கிறதா என்று உறுதிசெய்யாமல் லிஃப்றை ஓட்டிய ஒருவனை வேலையில் வைத்திருக்க முடியாது என்றார். நான் என் அறிக்கையில் ‘தொடர்பாடல் தவறு’ என்று ஒரு வரி எழுதினால் போதும் என்றார். உங்களுக்கு ஒரு சிக்கலும் வராது என்பதை மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

ஏர்ல் மோட்டர் அறையின் மர வாங்கில் உட்கார்ந்திருந்தான். என் விரலைப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான். “ஓன் என்று கேட்டது” என்றான்.

றெஜி என்னோடு கார்வரை நடந்து வந்தான்.

“அண்ணை, நீங்கள் ஓம் எண்டது எனக்கு விளங்கினது. உவங்களுக்கு ஓம் எண்டா ஓன்.”

“தெரியும்.”

“நான் சொல்லலாம். என்ர சொல்லை ஆர் எடுக்கப் போகினம்? நீங்கள்தான் சொல்லவேணும். அந்த மனுசனுக்கு இந்த ஊரில மிச்சம் இருக்கிறது உந்த லிஃப்ற் ஒண்டுதான், அண்ணை.”

சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நடைமுறையை அறிந்தவன் நான்தானே. பூட்டில்லாமல் ஏறிய இன்ஸ்பெக்ரரின் அத்தாட்சிப் பத்திரத்தைப் பறிக்கலாம். பறித்தால் ஐம்பத்தாறு வயதில் மறுபடி பம்பர். இரண்டு மணித்தியால ஓட்டத்தில் நான் மனத்துக்குள் எழுதிய வசனங்கள் எல்லாம் செயப்பாட்டு வினையில் இருந்தன. எழுவாய் இல்லாத வசனம் எழுதுவதற்குத் தமிழைப் போலவே ஆங்கிலமும் நல்ல மொழி.

வீட்டில் மனைவி விரலில் இருந்த கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். கார்க் கதவு என்றேன்.

“கதவு நகத்தைக் கழட்டிக்கொண்டு போகுமோ?”

சொன்னேன். முழுவதையும் கேட்டாள். விரலைக் கழுவி, புதுக்கட்டுப் போட்டாள்.

“அப்ப பூட்டு எங்க கிடந்ததப்பா?”

“பொக்கற்றுக்குள்ள.”

சாப்பாட்டைக் குழைத்துத் தரவா என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் கோர்டனின் மேசையில் என் அறிக்கை. அடிமட்டம் மூன்றாம் வரியில் நின்றது. ‘தொடர்பாடல் தவறு ஒன்றினால் லிஃப்ற் இயக்கப்பட்டது.’

“யாருடைய தவறு?” என்றார். பேனையை எடுக்கவில்லை. அடிமட்டத்தை அங்கேயே வைத்துவிட்டுத் தன் முட்டைச் சான்ட்விச்சைப் பிரித்தார். பாதி சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தார். நான் சொன்னேன், பூட்டிலிருந்து ‘ஓம்’ வரை எல்லாவற்றையும்.

“அந்தச் சொல்லைச் சொல்லும்” என்றார்.

“ஓம்.”

அவர் சிரிக்கவில்லை. இரண்டு வோக்கியை எடுத்து, ஒன்றை என்னிடம் தந்து, கார் தரிப்பிடத்தின் கடைசி மூலைக்குப் போகச் சொன்னார். உள்ளே ஐந்து சக ஊழியர்களை ஒருவர் பின் ஒருவராக அழைத்து, ஓஃப்பா ஓனா என்று வோக்கியில் கேட்கச் சொல்லி, கேட்ட பதிலை ஒரு துண்டில் எழுதச் சொன்னார். நான் அந்தக் குளிரில், விரலில் கட்டோடு, மிசிசாகாவின் வாகனங்களுக்கு நடுவில் நின்று ஐந்து தடவை ‘ஓம்’ சொன்னேன். கடந்துபோன ஒரு பெண்மணி என்னைத் தியானம் செய்கிறவன் என்று நினைத்துக் கைகூப்பிவிட்டுப் போனார். நான்கு துண்டுகளில் ‘ஓன்’ என்று இருந்தது. ஐந்தாவதில் ‘ஹோம்’. அவர் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்திருக்கலாம்.

ஐந்து துண்டுகளையும் கோர்டன் என் அறிக்கையோடு பின் அடித்தார். நான் மூன்றாம் வரியை மாற்றி எழுதினேன். ‘நான் பூட்டுப் போடாமல் ஏறினேன். ஏர்ல் கேட்ட கேள்விக்கு என் தாய்மொழியில் பதில் சொன்னேன்.’ அடிமட்டம் இறங்கியது. ஒரு வருடத்துக்குக் கம்பத்தில் ஏறத் தடை. அத்தாட்சிப் பத்திரம் தப்பியது. அந்த ஒரு வருடமும் மேசையில் இருந்து வோக்கிப் பிரிவைத் திருத்தி எழுத வேண்டும். “இந்த விடயத்தில் உம்மைவிட அனுபவமுள்ளவர் இங்கே இல்லை” என்றார். அது பகிடியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ஏர்ல் தொலைபேசியில் வந்தான். நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்து, பெருந்தன்மையான ஒரு பதிலையும் ஆயத்தம் செய்துவிட்டேன்.

“என்னை ஏன் பச்சைப்பிள்ளை ஆக்கினாய்?” என்றான்.

எனக்கு விளங்கவில்லை.

“சுவிச்சில் பூட்டு இல்லை என்பதை என் கண்ணால் கண்டேன். நீ இன்னும் ஏறவில்லை என்று நினைத்தேன். கேட்டதைத் திருப்பிக் கேட்கவில்லை. இது என் லிஃப்ற். என் பிழையை உன் அறிக்கையில் எழுது.”

எழுதினால் உன்னை அனுப்பிவிடுவார்கள் என்றேன். அனுப்பட்டும், என் பெயரில் அனுப்பட்டும் என்றான். கோர்டனிடம் போனேன். “கண்டது, நினைத்தது இரண்டையும் பிரித்துச் சொல்லியிருக்கிறான்” என்று மெச்சினார். அலுவலகத்தில் எங்களில் எவருக்கும் அவர் அப்படிச் சொன்னது கிடையாது. ஏர்லின் வரி சேர்க்கப்பட்டது.

அதன் பிறகு நடந்ததை நீதி என்று சொல்ல மாட்டேன். கொம்பனிப் படிவத்தின் ‘காரணமானவர்’ பெட்டிக்குள் ஒரு பெயர்தான் எழுதலாம். எங்கள் அறிக்கையில் இரண்டு பெயர். ஒன்று ஏர்ல், மற்றது அரசாங்கத்தின் ஆள். மனேஜர் ஏர்லின் பெயரை மட்டும் எழுதி அனுப்பினார். அறிக்கையோடு பொருந்தவில்லை என்று தலைமை அலுவலகம் திருப்பி அனுப்பியது. இரண்டு பெயரும் எழுதி அனுப்பினார். படிவம் பிழையாக நிரப்பப்பட்டிருக்கிறது என்று திருப்பி அனுப்பியது. இப்படி அது வடக்கும் தெற்குமாகப் போய்வந்துகொண்டிருக்கும்போது பனி விழுந்துவிட்டது. அந்த லிஃப்றைப் பராமரிக்கும் பத்திரம் அங்கே ஒருவனிடம்தான் இருந்தது. ஏர்ல் வேலையில் இருந்தான். வசந்தத்தில் மனேஜரைத்தான் மாற்றினார்கள்.

அடுத்த டிசம்பரில் என் தடை முடிந்து அங்கே போனேன். பழைய லிஃப்றுக்கு அதுவே கடைசிக் குளிர்காலம் என்று கொம்பனி அறிவித்திருந்தது. ஆறு பேர் இருக்கும் நாற்காலிகளோடு புதியது வரப்போகிறது. பரிசோதனை முடிந்ததும், பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவனும் பராமரிக்கிறவனும் முதல் நாற்காலியில் ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். ஏறினோம். உச்சியில் ஏர்ல் இறங்கவில்லை, அவன் முழங்காலும் போய்விட்டது. எனக்குச் சறுக்கத் தெரியாது. இரண்டு பேரும் அதே நாற்காலியில் சுற்றித் திரும்பினோம்.

மேலே போகிறவர்களுக்கு ஊர் முதுகுப் பக்கம் இருக்கும். சறுக்கி இறங்குகிறவர்களின் கண் பனியில் இருக்கும். நாற்காலியில் இறங்கி வருகிறவனுக்கு மட்டும் ஊர் முழுவதும் நேரே முகத்துக்கு முன்னால் விரிகிறது. இத்தனை வருடத்தில் அன்றுதான் அதை ஆற அமரப் பார்த்தேன். ஏர்ல் கையுறையைக் கழற்றி ஒவ்வொரு கூரையாகக் காட்டினான், இது யாருடையது, அது யாருடையது என்று, விற்றவர்களின் பெயரைச் சொல்லி. ஒரு பச்சைக் கூரையின் பின்னால் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அவன் விற்ற வீடு. தாய் தக்காளி நட்ட இடத்தில் இப்போது வாடகைக்கு வருகிறவர்கள் இருந்து குளிக்கும் சுடுதண்ணித் தொட்டி. மூன்று பேர் தோள்வரை தண்ணீரில் இருந்து எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

ஏர்லும் கையசைத்தான். “சூடாகத்தான் இருக்கும்” என்றான்.

அடியில் றெஜி எங்களை இறக்குவதற்காக லிஃப்றை மெதுவாக்கினான். மடியிலிருந்த பாதுகாப்புக் கம்பியை உயர்த்த வேண்டியவன் ஏர்ல். அவன் உயர்த்தவில்லை. ஊர் இருக்கும் பக்கம் தலையைத் திருப்பியபடி இருந்தான். நான் றெஜியைப் பார்த்து விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டேன்.

“இன்னொண்டோ, அண்ணை?”

தலையாட்டினேன். நாற்காலி வளைந்து மறுபடி மேலே போனது.

விதிப்படி ஒரு சுற்றுப் போதும். அறிக்கையில் இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.